விளையாட்டுக்கு மார்க் போட்ட பெரியப்பா

போன வாரம் நம்ம குரூப்பில் வந்த படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். என் பெரியப்பா மகன் போட்டது. மங்கிப்போன ஒரு அட்டைப் பெட்டி, உள்ளே ஓட்டை போட்ட கட்டைகள், சக்கரங்கள், குச்சிகள். 'பிள்ளைகளின் கற்பனையை அந்தக் காலத்திலேயே மதித்த மேதை, என் தந்தை' என்று கீழே எழுதியிருந்தான். உடனே ஆரம்பித்துவிட்டீர்கள். கும்பிடு போட்ட கை, பூங்கொத்து, 'நம்ம லைன் ஆளுங்கன்னா சும்மாவா'. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கவிதை வேறு எழுதிப் போட்டார்.

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். அந்த வருஷக் கடைசி லீவில், ஒவ்வொரு ஞாயிறும் காலையில், அவர் வீட்டு ஹாலில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது நீங்களும்தானே? அலாரம் கடிகாரத்தை எதிரே வைத்துவிட்டு 'ஸ்டார்ட்' என்பாரே, மறந்துவிட்டதா? உங்களில் ஒருவர் அந்த சிமெண்டுத் தரையிலேயே ஒன்றுக்குப் போனார். யார் என்று சொல்ல மாட்டேன். அவர்தான் இப்போது மூன்று பூங்கொத்து அனுப்பியிருக்கிறார்.

என் பேரப்பிள்ளைகளுக்கு இப்போது கட்டை கட்டையாக வாங்கிக் குவிக்கிறார்கள். பெட்டியில் படமும் கிடையாது, எப்படிக் கட்டுவது என்ற தாளும் கிடையாது. 'புள்ள இஷ்டத்துக்குக் கட்டணும்மா, அதுதான் முக்கியம்' என்று மருமகள் எனக்கு வகுப்பு எடுக்கிறாள். நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன். எனக்குத் தெரியாததா? அதை எங்கள் வீட்டில் ஒருத்தி ஆறு வயதிலேயே கண்டுபிடித்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன். நடுவில் யாரும் பூ அனுப்பாதீர்கள்.

குரூப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் அப்போது அரசாங்கக் குவார்ட்டர்ஸ் இருந்தது. லைன் என்று நாம் சொல்வது அந்த வரிசையைத்தான். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி பச்சைக் கதவு, பின்னால் ரயில் தண்டவாளம். வண்டி போகும்போதெல்லாம் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும். என் அப்பா கிளார்க். மூன்று வீடு தள்ளி அவருடைய அண்ணன், எனக்குப் பெரியப்பா, ஆபீஸில் பிளான் வரைகிறவர். லைனில் இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் பரீட்சை எழுதிப் பிழைத்தவர்கள். வேலைக்குச் சேரப் பரீட்சை, சம்பளம் ஏறப் பரீட்சை, பென்ஷன் உறுதியாகப் பரீட்சை. மார்க் இல்லாத எதையும் அவர்களுக்கு நம்பத் தெரியாது. சாம்பாருக்குக்கூட மார்க் போடுவார்கள்.

பெரியப்பா சைடில் சாலாக் செலாத்தானில் ஒரு மர நாற்காலிப் பட்டறைக்குப் பிளான் வரைந்து கொடுத்தார். பட்டறைச் சொந்தக்காரர் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம். அங்கே மெராந்தி மரத்துண்டுகள் மலையாகக் கிடக்குமாம். அதை வைத்து ஒரு விளையாட்டுச் சாமான் செய்து மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் போடலாம் என்று யோசனை சொன்னது பெரியப்பாதான். அதை நான் மறுக்கவில்லை. ஓட்டை போட்ட பட்டைகள், சக்கரம், குச்சி, முக்கோணம். ஒவ்வொன்றிலும் நம்பர் அடித்திருக்கும். கூடவே அவர் வரைந்த ஆறு பிளான் தாள். வீடு, பாலம், லோரி, நாற்காலி, கோபுரம், தண்ணீர் டாங்கி. ஒன்றாம் நம்பரை மூன்றாம் நம்பரில் சொருகு, நாலாம் நம்பரை மேலே வை. அவ்வளவுதான் விளையாட்டு.

அதைப் பரீட்சித்துப் பார்க்கத்தான் நாம். அரை மணி நேரம், நூறு மார்க். தப்பான ஓட்டையில் சொருகினால் ஐந்து மார்க் போச்சு. பேசினால் பத்து மார்க் போச்சு. சிரித்தால் என்ன கழிப்பார் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் சிரிக்கவில்லை. வார்னிஷ் வாடை மூக்கில் ஏறும். பெரியம்மா கதவோரம் நின்று, 'எங்க பையன் நேத்து ராத்திரியே ஆறையும் கட்டிட்டான்' என்பார். ஆமாம், இப்போது படம் போட்ட அதே பையன்தான். அப்படியும் அவனுக்கு எழுபதைத் தாண்டியதில்லை.

நான் தொண்ணூற்று ஐந்து. ஒன்பது வயதில் என் பெருமையே அதுதான். எனக்குக் கட்டத் தெரியும் என்று நினைக்காதீர்கள். பார்த்து எழுதத் தெரியும், அவ்வளவுதான். பிளான் தாளை வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன்.

என் தங்கச்சிக்கு ஆறு வயது. ஜனவரியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். பேச்சு ரொம்பக் குறைவு. என்னிடம் மட்டும் பேசுவாள், அதுவும் பின்கட்டில் சிமெண்டுத் தொட்டிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு. பெரியவர்கள் கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். அந்தச் சமயம் பார்த்துக் கிள்ளானிலிருந்து அத்தை ஆள் அனுப்பியிருந்தார். ஐந்தாவது பிள்ளை பிறந்திருக்கிறது, தூக்கி வைத்துக்கொள்ள ஒரு பெண் பிள்ளை வேண்டும், சின்னவளை அனுப்பினால் நன்றாக இருக்கும் என்று. அப்பா முடிவெடுக்கவில்லை. அவர் எதையும் முடிவெடுத்ததில்லை. அண்ணனிடம் கேட்டார். பெரியப்பா சொன்னார், "ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வா. மண்டையில ஏதாச்சும் இருக்கான்னு பாத்துச் சொல்றேன். இருந்தா ஸ்கூல். இல்லன்னா அங்க போயி புள்ள தூக்கட்டும்."

ஒரு விளையாட்டுச் சாமானை வைத்து ஒரு பிள்ளையின் தலையெழுத்தை முடிவு பண்ணினார் உங்கள் மேதை. இதுக்கும் பூ அனுப்புங்களேன்!

முதல் ஞாயிறு வீடு கட்டச் சொன்னார். தங்கச்சி கதவுக்கு என்று இருந்த ஏழாம் நம்பர் கட்டையை மட்டும் கையில் எடுத்தாள். அரை மணி நேரமும் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குச்சியில் சொருகினாள், கழற்றினாள், வேறு ஓட்டையில் சொருகினாள். அலாரம் அடித்தது. "வீடு எங்க?" என்றார். நோட்டில் பூஜ்யம் போட்டார். பெரிய வட்டம், தாளே கிழிகிற மாதிரி.

தொட்டிக்கு அடியில் நான் கேட்டேன், ஏன்டி கட்டவில்லை என்று. "அந்தக் கதவு தெறக்கல அக்கா" என்றாள். "பெரியப்பா வீட்டுல கதவு சும்மா ஒட்டிக்கிட்டு நிக்குது. யாரும் உள்ள போக முடியாது." அவள் அந்த அரை மணி நேரமும் கதவைத் திறக்க வைக்கப் பார்த்திருக்கிறாள். எனக்கு அது அசட்டுத்தனமாகத்தான் பட்டது. கதவு திறந்தால் மார்க் கிடையாது என்று சொன்னேன்.

இரண்டாவது ஞாயிறு பாலம். பூஜ்யம். மூன்றாவது ஞாயிறு லோரி. சக்கரங்களை எல்லாம் எடுத்துத் தரையில் உருட்டி விட்டு, எது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்தாள். பூஜ்யம். நோட்டில் அந்த மூன்று வட்டத்துக்குப் பக்கத்தில் 'மந்தம்' என்று எழுதி, அப்பாவிடம் திருப்பிக் காட்டினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார்.

வீட்டில் அம்மா குதித்தார். "எம்புள்ள ஒண்ணும் மந்தமில்ல! கட்டைய வச்சு அளக்கறதுக்கு அவ என்ன மேசையா?" என்று கத்தினார். அப்பா சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அம்மா இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. கடைசியில் அப்பா போய்க் கேட்டு, இன்னும் ஒரு ஞாயிறு வாங்கி வந்தார். அதில் பாஸ் ஆனால் பள்ளிக்கூடம். ஃபெயில் ஆனால் கிள்ளான். அம்மா எனக்குப் பின்னால் வந்து நின்று, "நீதான்டி சொல்லிக் குடுக்கணும். ஒனக்கு எல்லாம் தெரியுமே" என்றார். நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

இதற்கு நடுவில் தவுக்கே ஒரு தடவை வந்து சாமானைப் பார்த்துவிட்டுப் போனார். பனியனும் காக்கிக் கால்சட்டையுமாக நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பிளான் தாள்களைப் புரட்டினார். "ஆறு சாமான் கட்டியாச்சு. ஏழாவது நாள் என்ன செய்யும் பிள்ளை?" என்று மலாயில் கேட்டார். பெரியப்பா முழித்தார். தவுக்கே ஒரு கட்டையை எடுத்துச் சட்டென்று தன் பைக்குள் போட்டுக்கொண்டு சொன்னார், "ஹிலாங் சத்து, ஹாபிஸ் லா!" ஒன்று தொலைந்தால் எல்லாம் தீர்ந்தது என்று. அவர் போன பிறகு பெரியப்பா, "பலகை அறுக்கறவனுக்கு என்ன தெரியும்" என்று மூன்று நாள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பட்டறையில் ஓட்டை தப்பாக விழுந்த கட்டைகளைச் சாக்கில் போட்டுப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்புவார்கள், குளிக்க வெந்நீர் போட. அதில் ஒரு பிஸ்கட் டின் நிறைய பெரியம்மா எங்களுக்கும் கொடுத்தார், அடுப்புப் பற்றவைக்க. அதைத் தங்கச்சி தொட்டிக்கு அடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். நம்பர் கிடையாது, பிளான் கிடையாது. சக்கரத்தில் ஓட்டை நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருக்கும். நான் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனால், அவள் அந்த ஓரத்து ஓட்டைச் சக்கரங்களை ஒன்று மேலே, ஒன்று கீழே பார்க்கும்படி குச்சியில் மாட்டிக்கொண்டிருந்தாள். மேலே ஒரு பட்டை, அதற்கு மேலே இன்னொன்று. தள்ளிவிட்டால் அது உருளவில்லை, நடந்தது. எதிர்வீட்டு ஆன்டி இரண்டு கையிலும் பாசாரில் வாங்கிய காய்கறிப் பையோடு இடமும் வலமுமாக அசைந்து வருவாரே, அந்த நடை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"இது என்னடி?" என்றேன். "இன்னிக்கு லோரி" என்றாள். மறுநாள் அதே சாமானைக் காட்டி அத்தை என்றாள். அதற்கு மறுநாள் மேலே ஒரு முக்கோணத்தை மாட்டி, மழை என்றாள். மழை எப்படி நடக்கும் என்று கேட்டேன். "தண்டவாளத்துப் பக்கமிருந்து நடந்துதானே வருது" என்றாள். உண்மைதான். எங்கள் வீட்டுப் பின்கட்டில் நின்றால் மழை தண்டவாளத்தைத் தாண்டி வருவது தெரியும். முதலில் தகரக் கூரைச் சத்தம், அப்புறம் மண் வாசனை, அப்புறம்தான் நம் தலையில் விழும்.

அந்தக் கடைசி ஞாயிறுக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. அம்மா பாசாருக்குப் போயிருந்தார். பெரியப்பாவும் தவுக்கேயும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், அப்பாவிடம் ஏதோ கையெழுத்து வாங்க. தங்கச்சியின் சாமான் ஹால் தரையில் கிடந்தது. தவுக்கே காலால் லேசாகத் தள்ளினார். அது ஆடி ஆடி நாற்காலிக் கால் வரை நடந்தது. மனுஷன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இன்னொரு தடவை தள்ளினார். கழற்றினார், வேறு மாதிரி மாட்டினார், இப்போது அது தவளை மாதிரிக் குதித்தது. அறுபது வயசு ஆள் கைதட்டிச் சிரிக்கிறார்! "இது! இதுதான் விற்கும்! சியாப்பா பிக்கின்?" யார் செய்தது என்று கேட்டார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். அது வரைக்கும் அவர் யாரையும் அப்படி வியந்து பார்த்து நான் கண்டதில்லை. தங்கச்சி கதவுத் திரையைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றாள்.

"நான்" என்றேன்.

ஏன் சொன்னாய் என்று கேட்பீர்கள். பயத்தில் வாய் தவறிவிட்டது என்று நானே எனக்குப் பல வருஷம் சொல்லி வந்தேன். பொய். ஆசை. தொண்ணூற்று ஐந்து வாங்கியும் அந்தப் பார்வை எனக்குக் கிடைத்ததில்லை. அது வேறு ஒருத்திக்குப் போகப் போகிறது என்று தெரிந்ததும் கையை நீட்டி எடுத்துக்கொண்டேன். தங்கச்சி என்னை ஒரு தடவை பார்த்தாள். பெரியவர்கள் முன்னால்தான் அவள் பேச மாட்டாளே, அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன்.

அம்மா கீரைக்கட்டோடு வந்தார். விஷயம் கேட்டதும், "இது சின்னவ செஞ்சது! நான் கண்ணால பாத்தேன், பின்கட்டுல உக்காந்து ஒரு வாரமா இதையேதான் நோண்டிக்கிட்டிருக்கா!" என்றார். அப்பா என்னைக் கூப்பிட்டு நேருக்கு நேர் நிறுத்தினார். "உண்மைய சொல்லு. யாரு செஞ்சது?" அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், கீரைக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டாவது தடவையும் வாய் வந்தது எனக்கு. "நான்தான்" என்றேன். அப்பா அம்மா பக்கம் திரும்பி, "புள்ளைய காப்பாத்தறதுக்குப் பொய் வேற சொல்றியா, அதுவும் அண்ணன் முன்னாடி?" என்றார். அம்மா உள்ளே போய்விட்டார். அன்றையிலிருந்து ஒரு மாதம் எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டார், சோறு போட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை.

இனிமேல்தான் கொடுமை. பெரியப்பா ஒரே ராத்திரியில் ஞானியாகிவிட்டார். பிளான் தாளை எல்லாம் தூக்கிப் போட்டார். நம்பர் வேண்டாம், ஓரத்து ஓட்டை இருக்கட்டும், பிள்ளைகள் இஷ்டத்துக்குக் கட்டட்டும் என்றார். சொந்தமாகக் கண்டுபிடித்த மாதிரி லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குளித்து, தங்கச்சிக்கு நல்ல கவுன் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனோம். பெரியப்பா வாசலிலேயே நிறுத்தினார். "இனிமே டெஸ்ட் எல்லாம் கிடையாது. இந்தச் சாமானுக்கு மார்க்கே போட முடியாது, அதுதான் அதோட விசேஷம்" என்றார்.

அப்பா கேட்டார், "அப்ப சின்னவ விஷயம் அண்ணே?"

"அதான் முன்னாடியே மூணு தடவ பாத்தாச்சே" என்றார் பெரியப்பா.

மார்க்கை ஒழித்தவர், போட்ட பூஜ்யத்தை அழிக்கவில்லை. அம்மா அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பெரியம்மா, "நல்ல நாளும் அதுவுமா வாசல்ல உக்காந்து..." என்று ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமையில் என்ன நல்ல நாள் கண்டார்களோ.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்த அன்று அப்பா அவளைக் கிள்ளான் பஸ்ஸில் ஏற்றினார். ஒரு துணிப்பை. நான் போய் நின்றேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் கதவை டிரைவர் கம்பியை இழுத்துத் திறப்பதையும் மூடுவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அதே மாதம் பெரியப்பா சிபாரிசில் இங்கிலீஷ் ஸ்கூலில் இடம் கிடைத்தது. 'மூளைக்காரப் பிள்ளை' என்று ஹெட்மிஸ்ட்ரஸிடம் சொல்லியிருக்கிறார். அதில் படித்து, பரீட்சை எழுதி, அரசாங்க வேலை பார்த்து, பென்ஷன் வாங்கி, இதோ ஸ்ரீ கெம்பாங்கானில் சொந்த வீட்டில் உட்கார்ந்து உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சாமான் மஸ்ஜித் இந்தியாவில் இரண்டு மூன்று வருஷம் விற்றது. என்னால் அதைக் கையால் தொட முடிந்ததில்லை. ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை.

தங்கச்சி அத்தையின் ஐந்து பிள்ளைகளையும் அதற்கப்புறம் பிறந்த இரண்டையும் வளர்த்தாள். அப்புறம் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக் கழுவினாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டாள். அவள் இந்தக் குரூப்பில் இல்லை. வாசிக்க வராது அவளுக்கு. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொள்வோம், சேலை எடுத்துக் கொடுப்பேன், வாங்கிக்கொள்வாள். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. அவளுக்கு ஞாபகம் இருக்காது, ஆறு வயதுதானே என்று நான் வசதியாக நினைத்துக்கொண்டேன்.

நேற்று கிள்ளானுக்குப் போனேன். மகள் வீட்டு ஃபிளாட்டில் அவள் மட்டும் இருந்தாள். தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்காரக்கூட இல்லை. "அன்னிக்கு நான்தான் செஞ்சேன்னு பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். நான் பக்கத்துலதானே நின்னேன்" என்றாள்.

தைல மூடியைத் திருகி மூடினாள். அப்புறம், "நீ என்னைக் கை காட்டியிருந்தாலும் அவங்க நம்பியிருக்க மாட்டாங்க" என்றாள். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அசிங்கம், ஆனால் வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"நம்பியிருக்க மாட்டாங்க. ஆனா நீ சொல்லியிருக்கணும்லா" என்றாள். "அம்மா சொன்னாங்க. நம்பினாங்களா? இல்ல. ஆனா அம்மா சொன்னாங்க."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்கு வரவில்லை.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி வந்து சொல்லியிருந்தா ஒன்ன ஓங்கி ஒண்ணு விட்டிருப்பேன். இப்ப வந்து சொல்ற. தோள தூக்க முடியல எனக்கு."

நான் நாற்காலியை இழுத்து, அவள் கைக்கு என் கன்னம் எட்டும் தூரத்தில் போட்டு உட்கார்ந்தேன். அவள் தைலக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தள்ளி உக்காரு" என்றாள்.